கெஞ்சாமல் கேட்போம்: வியாபாரக் கடிதம் எழுதும் முறை



சென்ற மாதம் வரவு செலவுக் கொப்பி எழுதுவது பற்றிப் பார்த்தோம். இம்மாதம் கடிதம். "கடிதம் எழுத எங்களுக்குத் தெரியாதா?" என்று நீங்கள் கேட்பது விளங்குகிறது. நியாயமான கேள்விதான். எங்கள் பெண்களைப் போல் கடிதம் எழுதியவர்கள் இந்த நாட்டில் குறைவு. 2009இல் மெனிக் பாம் முகாமுக்குள் இருந்தபடி எழுதினார்கள். மீள்குடியேறிய பின்னர் வீட்டுத்திட்டத்துக்கும் காணிக்கும் வாழ்வாதார உதவிக்கும் எழுதினார்கள். 2010இல் கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்க ஆணைக்குழு வந்தபோது எழுதினார்கள். 2013இல் காணாமற்போனோர் பற்றி விசாரிக்க இன்னொரு ஜனாதிபதி ஆணைக்குழு வந்தபோது அதே விபரத்தைத் திரும்பவும் எழுதினார்கள். 2018இல் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் வேலை தொடங்கியபோது இன்னொரு தடவை. சில வீடுகளில் போட்டோக்கொப்பிக் கட்டுக்கென்றே ஒரு சூட்கேஸ் இருக்கிறது.

ஆனால் அவை எல்லாம் மனுக்கள். மனு என்பது எங்களுக்கு நடந்ததைச் சொல்லி நீதியோ உதவியோ கேட்பது. அங்கே இழப்பைச் சொல்லித்தான் ஆகவேண்டும். எத்தனை பேர் வீட்டில், எப்போது இடம்பெயர்ந்தோம், யாரை இழந்தோம் என்பதெல்லாம் அங்கே அவசியமான தகவல்கள். பதினைந்து வருடத்துக்கு மேலாக அலுவலகங்கள் எங்களிடம் அதையே கேட்டு வந்ததால், பேனாவை எடுத்தாலே கை அந்தப் பக்கம் போகிறது. வியாபாரக் கடிதத்திலும் அது புகுந்துவிடுகிறது. அங்கேதான் பிரச்சினை.

அண்மையில் ஒரு சகோதரி தான் எழுதிய கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். அவர் மிளகாய்த்தூளும் அரிசிமாவும் இடித்து, பைக்கற் பண்ணி, நகரத்துக் கடை ஒன்றுக்குக் கொடுத்து வருகிறார். மூன்று மாதமாகக் காசு முழுதாக வரவில்லை. கடைக்கு எழுதிய கடிதம் கொப்பி ஒற்றையில் மூன்று பக்கம். "கணவனை இழந்து மூன்று பிள்ளைகளுடன் மிகவும் கஷ்டத்தின் மத்தியில் வாழ்ந்துவரும் நான் தங்கள் பாதம் பணிந்து கேட்டுக்கொள்வது யாதெனில்" என்று தொடங்குகிறது. இரண்டாம் பக்கத்தில் மூத்த மகளின் படிப்பு. மூன்றாம் பக்கத்தின் கடைசியில் "எனக்குத் தரவேண்டிய பணத்தைத் தந்து உதவுமாறு" என்று ஒரு வரி. எந்தச் சிட்டைக்கு, எவ்வளவு, எப்போதைக்குள் என்ற மூன்றும் கடிதத்தில் எந்த இடத்திலும் இல்லை.

அந்த முதலாளி நல்ல மனிதராகவே இருக்கட்டும். வாசிப்பார், பாவம் என்று நினைப்பார், மேசை லாச்சிக்குள் வைப்பார். கணக்கு எழுதுகிற பிள்ளையிடம் அதைக் கொடுத்து "இதைத் தீர்த்துவிடு" என்று சொல்ல அந்தக் கடிதத்தில் ஒரு எண்ணும் இல்லை. அதைவிட மோசமானது இன்னொன்று. உங்கள் பணத்தை உதவியாகக் கேட்டால் அவரும் உதவியாகத்தான் தருவார். பிள்ளைக்குக் கொப்பி வாங்குங்கள் என்று இரண்டாயிரத்தை நீட்டுவார். நீங்கள் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வருவீர்கள். முப்பதாயிரம் அங்கேயே நிற்கும்.

சரக்குக் கொடுத்தவர் நீங்கள். கடன்பட்டவர் அவர். கடிதத்தின் அமைப்பே அதைச் சொல்ல வேண்டும்.

இனி அமைப்புக்கு வருவோம். ஏ4 தாள் ஒன்று போதும். கோடு போட்ட தாளானாலும் பரவாயில்லை, கொப்பியில் கிழித்த ஒற்றை மட்டும் வேண்டாம். நான்கு பக்கமும் ஒரு அங்குலம் அளவு இடம் விடுங்கள். இடப்பக்கம் கொஞ்சம் கூடுதலாக விட்டால் கோவையில் துளையிட்டுப் போடும்போது எழுத்து மறையாது. கையெழுத்தில் எழுதினால் மதிப்பில்லை என்று நினைக்க வேண்டாம். தெளிவான கையெழுத்து, பிழைகள் நிறைந்த தட்டச்சைவிட நல்லது.

முதலில் உங்கள் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம். பாடசாலையில் இதை வலப்பக்க மேல் மூலையில் எழுதப் பழகினோம். இப்போது கணினியில் அடிப்பவர்கள் எல்லாவற்றையும் இடப்பக்க ஓரத்தில் இருந்தே தொடங்குகிறார்கள். இரண்டும் சரி, ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். வியாபாரப் பெயர் பதிவு செய்தவர்கள் அந்தப் பெயரையும் பதிவு இலக்கத்தையும் மேலே போடுங்கள். பதிவு செய்யாதவர்கள் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள், அது பற்றித் தனியாக எழுத வேண்டும்.

அடுத்தது திகதி. 10.06 என்று எழுதினால் ஜூன் பத்தா ஒக்டோபர் ஆறா என்று ஒருவர் வாதிடலாம். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். திகதி இல்லாத கடிதம் பின்னர் எதற்கும் உதவாது.

திகதிக்குப் பக்கத்தில் ஒரு இலக்கம். அரச அலுவலகங்களில் இருந்து வரும் கடிதங்களில் மேலே "எனது இல.", "உமது இல." என்று இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அநேகமானோர் அதைப் பார்ப்பதே இல்லை. உண்மையில் அந்தக் கடிதத்தில் மிகப் பெறுமதியான வரி அதுதான். அலுவலகத்தில் உங்கள் கோவையை எழுதுவினைஞர் தேடுவது உங்கள் பெயரை வைத்து அல்ல, அந்த இலக்கத்தை வைத்து. நீங்கள் பதில் எழுதும்போது அவர்களுடைய "எனது இல." எதுவோ அதை உங்கள் கடிதத்தில் "உமது இல." என்று போட வேண்டும். அதைப் போடாமல் எழுதினால் புதுக் கடிதமாகக் கருதி வேறு கோவையில் போட்டுவிடவும் கூடும். நீங்களும் உங்களுக்கென்று ஒரு இலக்கம் வைத்துக்கொள்ளுங்கள். க/2025/01, க/2025/02 என்று ஒரு சின்னக் கொப்பியில் எழுதி வந்தால் போதும். ஒரு வருடம் கழித்து எந்தக் கடிதம் எப்போது யாருக்குப் போனது என்று ஒரு பார்வையில் தெரியும்.

பிறகு பெறுபவர். பெயர் தெரியாவிட்டால் பதவியை எழுதுங்கள்: முகாமையாளர், கணக்காளர், உரிமையாளர். விளித்தலுக்கு "ஐயா" அல்லது "அம்மணி" போதும். யாரென்று தெரியாவிட்டால் "ஐயா/அம்மணி" என்று போடலாம். "கருணை உள்ளம் கொண்ட", "தெய்வத்துக்குச் சமமான" என்பவை கடைக்காரருக்குத் தேவையில்லை. அவருக்கே கூச்சமாக இருக்கும்.

அதற்குக் கீழே விடயம். கடிதம் முழுவதையும் வாசிக்க நேரமில்லாதவர் இந்த ஒரு வரியைத்தான் வாசிப்பார். "பணம் சம்பந்தமாக" என்று எழுதினால் எதுவும் விளங்காது. "உதவி கோரல்" என்பது தவறு. "சிட்டை இல. 014, 017: நிலுவை ரூபா 33,500/= செலுத்துதல்" என்று எழுதினால் உங்கள் கடிதத்தில் பாதி வேலை முடிந்துவிட்டது. அதன் கீழ் ஒரு கோடு போடுங்கள்.

உள்ளடக்கம் மூன்று பந்திக்குள் அடங்க வேண்டும். என்ன கொடுத்தோம், எவ்வளவு வந்தது, எவ்வளவு நிற்கிறது என்பது முதலாவது. எப்படி, எப்போதைக்குள் தர வேண்டும் என்பது இரண்டாவது. வியாபாரம் தொடர்வது பற்றி ஒரு வரி மூன்றாவது. கோபமும் வேண்டாம், கண்ணீரும் வேண்டாம். கோபமாக எழுதிய கடிதத்தை அவர் நாலு பேருக்குக் காட்டி உங்களையே குற்றவாளியாக்கலாம். எண்கள் மட்டும் உள்ள கடிதத்தை யாருக்குக் காட்டினாலும் அது உங்களுக்குச் சாதகமாகவே பேசும்.

அந்தச் சகோதரியின் கடிதம் இப்படி மாறியது. பெயர்களையும் முகவரிகளையும் எடுத்துவிட்டு, தொகைகளையும் திகதிகளையும் உதாரணத்துக்காக மாற்றித் தருகிறேன்.

(உங்கள் பெயர்)
(வீட்டு இலக்கம், வீதி)
புதுக்குடியிருப்பு.
தொ.பே. இல.: (...)

எனது இல.: க/2025/03
2025 ஜூன் 11

உரிமையாளர்,
(கடையின் பெயர்),
(முகவரி),
யாழ்ப்பாணம்.

ஐயா,

சிட்டை இல. 014, 017: நிலுவை ரூபா 33,500/= செலுத்துதல்

2025 மார்ச் 12ஆம் திகதி மிளகாய்த்தூள் 20 கிலோ (சிட்டை இல. 014, ரூபா 38,000/=), ஏப்ரல் 2ஆம் திகதி அரிசிமா 30 கிலோ (சிட்டை இல. 017, ரூபா 10,500/=) ஆகியவற்றைத் தங்கள் கடைக்கு வழங்கினேன். மொத்தம் ரூபா 48,500/=. ஏப்ரல் 20ஆம் திகதி தாங்கள் ரூபா 15,000/= செலுத்தினீர்கள். மிகுதி ரூபா 33,500/= (முப்பத்து மூவாயிரத்து ஐந்நூறு ரூபா) இன்னும் கிடைக்கவில்லை. நாம் பேசிக்கொண்ட 30 நாள் தவணை இரண்டு சிட்டைகளுக்கும் முடிந்துவிட்டது.

இத்தொகையை 2025 ஜூன் 27ஆம் திகதிக்கு முன்னர் கீழுள்ள வங்கிக் கணக்கில் வைப்பிலிடுமாறு அல்லது எனது பெயருக்குக் காசோலையாகத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். கணக்கில் ஏதேனும் வித்தியாசம் இருப்பின் ஒரு வாரத்துக்குள் எழுத்தில் அறியத்தரவும்.

நிலுவை தீர்ந்ததும் அடுத்த விநியோகத்தைத் தொடர ஆயத்தமாக உள்ளேன்.

தங்கள் உண்மையுள்ள,

(கையொப்பம்)
(முழுப்பெயர்)

வங்கி, கிளை, கணக்கு இலக்கம்: (...)
இணைப்பு: சிட்டை இல. 014, 017 ஆகியவற்றின் பிரதிகள்

இவ்வளவுதான். எண்ணிப் பாருங்கள், அரைப் பக்கம்கூட வராது. "தாங்கள்", "தங்கள்" என்று மரியாதை இருக்கிறது. தாழ்மை எங்கும் இல்லை. "ஏதேனும் வித்தியாசம் இருப்பின் எழுத்தில் அறியத்தரவும்" என்ற வரியைத் தவறவிடாதீர்கள். பின்னர் "நான் அவ்வளவு சாமான் வாங்கவில்லை" என்று அவர் சொன்னால், கடிதம் கிடைத்தபோது ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்க முடியும். தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதுவது காசோலையில் போலத்தான். எண்ணைத் திருத்தலாம், சொல்லைத் திருத்துவது கஷ்டம். இணைப்பில் பிரதிதான் போக வேண்டும். மூலச் சிட்டை உங்களிடமே இருக்கட்டும், யார் கேட்டாலும் கையில் கொடுக்க வேண்டாம்.

"பிரதி:" என்று கீழே போடும் பழக்கம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மனுவில் ஜனாதிபதி, ஆளுநர், அரசாங்க அதிபர், ஆயர் இல்லம் என்று வரிசையாகப் போட்டுப் பழகிவிட்டோம். மிளகாய்த்தூள் காசுக்கு அரசாங்க அதிபருக்குப் பிரதி போட்டால் கடைக்காரர் சிரிப்பார். சங்கத்தின் பெயரில் வியாபாரம் செய்தால் சங்கத்துக்கு ஒரு பிரதி போதும். அப்படிச் சங்கமாக எழுதும்போது கையொப்பம் தலைவரதும் பொருளாளரதுமாக இருக்கட்டும், இறப்பர் முத்திரையும் பதியுங்கள். வங்கிக் கணக்கும் சங்கத்தின் கணக்காகவே இருக்க வேண்டும். தனி ஆளாக எழுதுபவருக்கு முத்திரை அவசியமில்லை.

பெயர் விடயத்தில் எங்கள் பெண்கள் படும் பாடு தனி. அடையாள அட்டையில் தகப்பன் பெயரின் முதலெழுத்து, வங்கிப் புத்தகத்தில் கணவன் பெயரின் முதலெழுத்து, கடிதத்தில் வேறொன்று. இடம்பெயர்வில் ஆவணங்கள் தொலைந்து, பிறகு அவசரமாக எடுத்தவற்றில் ஆங்கில எழுத்து ஒன்று கூடியோ குறைந்தோ இருக்கும். காசோலை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகிறது. பெயர் பொருந்தாவிட்டால் வங்கி திருப்பி அனுப்பிவிடும். அதற்குப் பிறகு அந்தக் கடைக்காரரிடம் இரண்டாவது காசோலை வாங்குவது பெரும்பாடு. எனவே வங்கிப் புத்தகத்தில் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே கடிதத்தில் பெரிய எழுத்தில் எழுதிக்கொடுங்கள். காசோலை கையில் கிடைத்தால் அந்த வாரமே வங்கியில் போடுங்கள். ஆறு மாதம் கடந்த காசோலையை வங்கி ஏற்காது.

கொமினிகேசனில் கொடுத்துத் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எங்கள் பகுதிகளில் இன்றும் பல இடங்களில் பாமினி எழுத்துருவில் அடிக்கிறார்கள். தாளில் அச்சடித்தால் அழகாக இருக்கும். அதே கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கிடக்கும். யூனிகோட்டில் அடித்துத் தரச் சொல்லுங்கள், முடியாவிட்டால் பிடிஎஃப் ஆக மாற்றித் தரச் சொல்லுங்கள். அடித்து முடிந்ததும் எண்களை நீங்களே ஒருமுறை விரல் வைத்து வாசியுங்கள். ஒரு பூச்சியம் தவறினால் அடித்துக் கொடுத்த பிள்ளைக்கு நட்டமில்லை.

அனுப்பும் முன் கையொப்பமிட்ட கடிதத்தைப் போட்டோக்கொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பதிவுத்தபாலில் அனுப்பினால் தபாலகம் தரும் பற்றுச்சீட்டை அந்தப் பிரதியின் பின்பக்கம் ஒட்டிவையுங்கள். பற்றுச்சீட்டில் மை மங்கிவிடும், ஆதலால் அதன் இலக்கத்தைப் பேனாவாலும் எழுதிவையுங்கள். நேரில் கொடுப்பவர்கள் உங்கள் பிரதியில் "பெற்றுக்கொண்டேன்" என்று திகதியுடன் கையொப்பம் வாங்குங்கள். கடைக்காரர் போட மறுத்தால் சண்டை பிடிக்க வேண்டாம், திரும்பிவந்து பதிவுத்தபாலில் போடுங்கள். வட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்புவது ஞாபகமூட்டலுக்கு நல்லது. அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம், தொலைபேசி உடைந்தால் எல்லாம் போய்விடும்.

பாடசாலைகளுக்குச் சத்துணவு சமைத்துக் கொடுக்கும் சகோதரிகளும் இதை வாசிப்பீர்கள். கடைக்குக் கடன் சொல்லி அரிசி, முட்டை வாங்கிச் சமைத்துக் கொடுத்துவிட்டு, மாதக்கணக்கில் காசுக்குக் காத்திருப்பவர்கள் நீங்கள். உங்கள் கடிதம் வலயக் கல்விப் பணிப்பாளருக்குப் போக வேண்டும் என்றால், பெறுபவரின் முகவரிக்குக் கீழே "அதிபர் ஊடாக" என்று எழுதி அதிபரிடம் கொடுங்கள். மாதம், உணவு கொடுத்த நாட்கள், பிள்ளைகளின் எண்ணிக்கை, ஒரு பிள்ளைக்கான தொகை, மொத்தம் என்று நிரல் போட்டு எழுதுங்கள். பதிலே வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. "எனது கொடுப்பனவுக்கான வவுச்சர் எத்தனையாம் திகதி அனுப்பப்பட்டது, இப்போது எந்த நிலையில் உள்ளது?" என்று அந்த அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் அவர் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். இது அரச அலுவலகங்களுக்குப் பொருந்தும். தனியார் கடைக்குப் பொருந்தாது.

கொழும்புக்கு எழுதுவதானால் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோதான் எழுத வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதலாம். தமிழில் எழுதியவருக்குத் தமிழில் பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பே தந்திருக்கிறது. நடைமுறையில் சிங்களத்தில் பதில் வந்தால் அதே கடிதத்தின் இலக்கத்தைக் குறிப்பிட்டுத் தமிழ்ப் பிரதி கேட்டு எழுதுங்கள். தனியார் கம்பனிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவர்களுக்கு ஆங்கிலத்தில் போனால் வேலை விரைவாக நடக்கும். யாரிடமாவது எழுதுவித்தால், என்ன எழுதியிருக்கிறது என்று வரிவரியாகச் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகே கையொப்பமிடுங்கள்.

காசு நிற்கும்போது எழுதும் கடிதத்தைவிட, வியாபாரம் தொடங்கும்போது எழுதும் கடிதம் முக்கியமானது. தொலைபேசியில் "அக்கா, இருபது கிலோ அனுப்புங்கோ" என்பார்கள். அனுப்பும்போதே ஒரு சிறு கடிதம் வையுங்கள்: "இன்று தொலைபேசியில் கேட்டபடி 20 கிலோ, கிலோ இவ்வளவு, 30 நாளில் பணம்." நாலு வரி. சாமானை எடுத்தவரிடம் பிரதியில் கையொப்பம். மேலே உள்ள கடிதத்தில் "நாம் பேசிக்கொண்ட 30 நாள் தவணை" என்று எழுத முடிந்தது அப்படி ஒன்று இருந்தபடியால்தான்.

குறித்த திகதி கடந்தும் பணம் வராவிட்டால் இரண்டாவது கடிதம். அதில் முதல் கடிதத்தின் இலக்கத்தையும் திகதியையும் சொல்லி, இன்னும் 14 நாள் கொடுத்து, அதன்பின் மத்தியஸ்த சபைக்குப் போவேன் என்று ஒரே வரியில் எழுதுங்கள். சிறிய தொகைப் பிணக்குகள் நீதிமன்றத்துக்கு முன்னர் மத்தியஸ்த சபைக்குத்தான் போகவேண்டும். அங்கே சட்டத்தரணி தேவையில்லை. இரண்டு கடிதங்களின் பிரதி, பதிவுத்தபால் பற்றுச்சீட்டு, சிட்டைகள் ஆகியவற்றைத் திகதி வரிசையில் ஒரு கோவையில் போட்டுக்கொண்டு போங்கள்.

இதில் நாளை மறக்கக் கூடாது. விற்றுக் கொடுத்த சரக்குக்கான பணத்துக்கு வழக்கு வைக்கும் காலம், 1871இல் இருந்து உள்ள கட்டளைச் சட்டத்தின்படி, பணம் வரவேண்டிய நாளில் இருந்து ஒரு வருடம்தான். "தாறன் அக்கா, தாறன்" என்று ஒரு தீபாவளியையும் ஒரு பொங்கலையும் தாண்டினால் அந்த ஒரு வருடம் ஓடிவிடும். உதாரணக் கடிதத்தில் உள்ள 014ஆம் இலக்கச் சிட்டைக்கு 2025 ஏப்ரல் 11இல் பணம் வந்திருக்க வேண்டும். அதற்கு வழக்கென்றால் 2026 ஏப்ரல் 11க்கு முன்னர். எட்டு மாதம் கடந்தும் தீரவில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் கோவையைக் காட்டி ஆலோசனை கேளுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே இலவசம்.

அந்தச் சகோதரிக்கு ஜூன் மாதம் முடிவதற்குள் இருபதாயிரம் வந்தது. மிகுதிக்கு க/2025/04 எழுதிக்கொண்டிருக்கிறார்.